கார்டா, கிளவுடா, புதுப் போனா: நிறைந்துபோன போனுக்கு எது சரி?

போன கிழமை களுவாஞ்சிகுடியில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி வருவதற்கு முன்னமே அவருடைய போன் என் கைக்கு வந்துவிட்டது.

“மனே, இது நிறைஞ்சு போச்சாம். பேரப்பிள்ளைய ஒரு போட்டோ எடுக்க விடுதில்ல. மகன் புதுசு வாங்குங்க எண்டுறான். சந்தியில கொமினிகேஷன் தம்பி சிப் ஒண்டு போட்டாச் சரியாம். நீ சொல்லு, என்ன செய்ய?”

இந்தக் கேள்வி எனக்கு மாதம் இரண்டு தரமாவது வரும். வெளிக்கள வேலைக்கு டெப் (டேப்லட்) கொண்டு போகும் பிள்ளைகள் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எல்லாரும் கேட்பது “இடம் எப்படிக் கூட்டுவது?” என்பதுதான். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இந்தப் போன் நாளைக்கு ஆற்றில் விழுந்தால் எது எது போகும்? இடப் பிரச்சினை வேறு, இழப்புப் பிரச்சினை வேறு. ஒன்றுக்கு வாங்கும் மருந்து மற்றதைச் சுகப்படுத்தாது. மாமியின் போனைத் திறந்து பார்த்தபோது அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

32 ஜிபி போன். அதில் ஆண்ட்ராய்டும் கூட வந்த செயலிகளுமே பாதி இடத்தைப் பிடித்திருந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி வட்ஸ்அப். அதற்குள் போய், அமைப்புகளில் சேமிப்பு என்ற இடத்தைத் திறந்தால் எந்தக் குழுவிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். கோயில் திருவிழாக் குழு, பழைய மாணவர் குழு, கனடாக் குடும்பக் குழு. பூவும் விளக்கும் வைத்த காலை வணக்கப் படங்கள், ஒரே வீடியோ நாலு குழுவில் நாலு தரம். இவ்வளவுக்கும் நடுவில் மாமாவின் உரையாடல். மாமா காலமாகி இரண்டு வருடம். அவர் வயலுக்குள் இருந்து அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. ஒன்றை மாமி தட்டிக் கேட்கவைத்தார். காற்று இரைகிறது, தூரத்தில் உழவு மெஷின் சத்தம், “சோத்த வெள்ளனக் குடுத்து விடு, மழ வரப் பாக்குது” என்று மாமாவின் குரல். இருபது வினாடி. அந்தக் கோப்பின் அளவு ஐம்பது கேபிகூட இல்லை. அவருடைய எல்லாக் குரல் பதிவையும் கூட்டினாலும் ஒரு காலை வணக்க வீடியோ அளவுக்கு வராது.

அதாவது, போனை நிறைத்து வைத்திருப்பவை அழிந்தால் பரவாயில்லாதவை. போகக் கூடாதவை ஒரு மூலையில் கொஞ்சமாக இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் கார்ட் வாங்கினாலும் சரி, புதுப் போன் வாங்கினாலும் சரி, காசுதான் போகும்.

நான் இதில் இவ்வளவு கவனம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்பில் நாவலடி, டச்பார் பக்கங்களில் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்த இடங்களில் கணக்கெடுக்கும் வேலை செய்தேன். எங்கள் கையில் விண்டோஸ் மொபைல் 2003 ஓடும் சின்னக் கைக்கணினி ஒன்று தந்திருந்தார்கள். பிளாஸ்டிக் குச்சியால் திரையைத் தட்ட வேண்டும். அந்தத் தலைமுறைக் கருவிகளில் இன்றைய போன்களில் உள்ளதுபோல் உள்சேமிப்பு இல்லை. நாம் எழுதுவதெல்லாம் ரேமில், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகத்தில், இருக்கும். ஒரே ரேமைத்தான் இவ்வளவு சேமிப்புக்கு, இவ்வளவு நிரல் ஓட்ட என்று அமைப்புகளில் பிரித்துக்கொள்வோம். மின்கலம் முற்றாக இறங்கினால் ரேமில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். எஸ்டி கார்டில் சேமித்திருந்தால் மட்டும் தப்பும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு நீண்ட விடுமுறைக்குக் கருவியை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து சார்ஜ் போட்டுத் திறந்தால், கடையிலிருந்து வந்த அன்று போல வெள்ளைத் திரையில் ஒரு கூட்டல் குறி, அதன் நடுவைத் தொடச் சொல்லி. மூன்று நாள் வேலை இல்லை. அதே குடும்பங்களிடம் திரும்பவும் போய், “உங்கட வீட்டில ஆர் ஆர் இல்லாமப் போனது?” என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டி வந்தது. ஒரு அம்மா பதில் சொல்லவில்லை. போன தரம் சொன்ன மூன்று பெயரையும் நான் எழுதியிருந்தேன், அவருக்கு அது தெரியும். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்த வீடுகளில் ஒரு கல்யாண அல்பம்கூட மிஞ்சவில்லை. பிள்ளையின் முகம் இருந்த ஒரேயொரு படத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொன்னவர்கள் பலர்.

2005-இல் வந்த விண்டோஸ் மொபைல் 5 முதல் அந்தக் குறை இல்லை. பற்றரி செத்தாலும் உள்ளே எழுதியது நிற்கும். இன்றைய போனிலும் டெப்பிலும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமாகச் சாகும் என்பது மாறவில்லை. அன்று உள்ளிருப்பது போகும், கார்ட் நிற்கும். இன்று பெரும்பாலும் கார்ட்தான் முதலில் போகிறது.

சரி, மாமிக்கு முன்னால் இருந்த வழிகளுக்கு வருவோம்.

முதல் வழிக்கு ஒரு சதமும் செலவில்லை: துப்புரவாக்குவது. வட்ஸ்அப் சேமிப்புப் பக்கத்தில் பெரிய கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனியே காட்டும். அங்கிருந்தே அழிக்கலாம். பிறகு அமைப்புகளில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூரணைக்குள் திரும்பவும் நிறைந்துவிடும். அரை மணித்தியாலத்தில் மாமியின் போனில் ஏழு ஜிபி வெளித்தது. அழிக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். இடம் வேண்டும் என்று செயலியையே நீக்கிவிட்டுத் திரும்பப் போடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. கணக்கெடுப்புக்குப் பாவிக்கும் கோபோ கலெக்ட், ஓடிகே போன்றவற்றில் அப்படிச் செய்தால், இன்னும் அனுப்பாத படிவங்களும் செயலியோடு சேர்ந்து போய்விடும். படுவான்கரையில் சிக்னல் இல்லாத ஊர்களில் நாள் முழுக்கச் சேர்த்த படிவம் டெப்பிலேயே கிடக்கும். அனுப்பி முடியும்வரை அந்தச் செயலியில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, கொமினிகேஷன் கடைத் தம்பி “சிப்” என்று சொன்ன மெமரி கார்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

கார்டைப் போட்டதும் பல போன்கள் இரண்டு விதமாகப் பாவிக்கலாம் என்று கேட்கும். ஒன்று, வெளிச் சேமிப்பாக. மற்றது, போனின் உள்சேமிப்போடு சேர்த்துவிடுவது. வெளிச் சேமிப்பாகப் போட்டால் பாட்டு, படம், கமரா எடுக்கும் போட்டோ, இறக்கிய பாடக் குறிப்புகள் எல்லாம் அதில் வைக்கலாம். போன் பழுதானால் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் பார்க்கலாம். மாரி வெள்ளத்தில் நனைந்து உயிர்விட்ட போனிலிருந்து கார்டைக் கழற்றித் துடைத்து, கார்ட் ரீடரில் போட்டுப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது இதன் பெரிய நன்மை. அதே காரணத்தால், போன் களவு போனால் கார்டில் உள்ளதை எடுத்தவன் பார்க்கலாம். அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகப் படம் போன்றவற்றைக் கார்டில் வைக்காதீர்கள்.

ஆனால் மாமிக்கு இது தீர்வில்லை. வெளிச் சேமிப்பாகப் போட்ட கார்டில் வட்ஸ்அப் போய் இருக்காது. அதன் படமும் குரலும் உள்சேமிப்பில்தான் இறங்கும். கார்ட் போட்ட பிறகும் “இடமில்லை” என்று போன் சொல்வதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் எனக்குத் தெரியும். செயலிகளும் அப்படித்தான். ஒருசிலதில் கொஞ்சப் பகுதி கார்டுக்கு மாறும், முழுதாக மாறாது.

அப்படியென்றால் உள்சேமிப்போடு சேர்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் அந்த வசதி இருக்கிறது, சாம்சங் போன்களில் இராது. சேர்த்துவிட்டால் செயலியும் வட்ஸ்அப் மீடியாவும் கார்டுக்குப் போகலாம். இடம் கூடும், உண்மைதான். ஆனால் அந்தக் கார்டைப் போன் பூட்டி எழுதுகிறது, திறப்பு அந்தப் போனுக்குள் மட்டும். போன் செத்தால் கார்ட் நன்றாக இருந்தாலும் வேறு எதிலும் வாசிக்க முடியாது. கார்ட் செத்தால் அதிலிருந்த செயலி, படம் எல்லாம் போகும். இரண்டில் எது முந்திப் போனாலும் நட்டம் நமக்கு. வேகமும் குறையும், ஏனென்றால் போனின் உள்ளே பதித்திருக்கும் சேமிப்பு சாதாரணக் கார்டை விடப் பல மடங்கு வேகமானது. பிள்ளைகள் பாடம் பார்க்க மட்டும் வைத்திருக்கும், சொந்தமான ஒன்றும் இல்லாத பழைய டெப் என்றால் செய்யுங்கள். குடும்பப் போட்டோ உள்ள போனில் செய்ய நான் விடமாட்டேன்.

கார்ட் வாங்குவதாக முடிவெடுத்தால், அதன் முகத்தில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். 10 என்று வட்டத்துக்குள் இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும், போட்டோவுக்கும் சாதாரண வீடியோவுக்கும் போதும். யு3 அல்லது வி30 என்றால் 30 எம்பி, 4கே வீடியோ எடுப்பவர்களுக்கு. ஏ1, ஏ2 என்பவை செயலி ஓட்டுவதற்கான தரம்: ஏ1 வினாடிக்கு 1500 சிறு வாசிப்பும் 500 சிறு எழுத்தும் தாங்கும், ஏ2 4000-மும் 2000-மும். வெறும் பாட்டும் படமும் வைக்க ஏ2-க்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. 64 ஜிபி கார்ட் கணினியில் 59 என்று காட்டுவது பழுதல்ல. உற்பத்தியாளர் 1000-இன் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. பழைய டெப் சிலவற்றுக்கு 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை வாசிக்கத் தெரியாது, வாங்க முன் பாருங்கள். அப்புறம், 32 ஜிபி கார்டுகள் ஃபேட்32 முறையில் வருகின்றன, அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழுக் கல்யாண வீடியோ ஒன்றைப் பிரதி எடுக்கும்போது, இடம் இருந்தும் ஏற மறுப்பது இதனால்தான். 64-உம் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

போலிக் கார்ட் இன்னொரு பெரிய துன்பம். மேலே 512 ஜிபி என்று இருக்கும், உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கலாம். கார்டுக்குள் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு போனிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். முதல் 8 ஜிபி ஒழுங்காக எழுதும். அதற்குப் பிறகு எழுதுவது பழையதின் மேலேயே விழும், அல்லது எங்குமே போகாது. கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், தொட்டால் திறக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தெரியவரும். அதனால் புதுக் கார்டைக் கணினியில் போட்டு, முழுதும் எழுதித் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் சோதித்த பிறகே போட்டோவை நம்பி வையுங்கள். சில மணித்தியாலம் எடுக்கும். எடுக்கட்டும்.

“கார்ட் பழுது, போர்மட் செய்யவா?” (முழுதும் துடைத்துவிடவா) என்று போன் கேட்டால் ஓம் என்று தொடாதீர்கள். கழற்றிக் கணினியில் போட்டுப் பாருங்கள். பலமுறை அங்கே திறக்கும். திறக்காவிட்டாலும், அதன் மேல் புதிதாக ஒன்றும் எழுதாமல் இருந்தால் போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் கொஞ்சத்தையாவது மீட்டுத் தரக்கூடும்.

இன்னொன்று, பல போன்களில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டி. டேட்டாவுக்கு ஒரு சிம், கதைப்பதற்கு ஒரு சிம் என்று வைத்திருப்பவர் ஒன்றை விட வேண்டி வரும்.

மூன்றாவது வழி, கிளவுட், அதாவது இணையத்தில் ஏற்றி வைப்பது. கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஆனால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. போட்டோக்களை அளவில்லாமல் இலவசமாக ஏற்றும் காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அந்த 15-க்குள்தான் எண்ணப்படுகிறது. ஆகவே குப்பையைக் கழிக்காமல் காப்புப் பிரதி எடுத்தால் காலை வணக்கம் அங்கேயும் இடம் பிடிக்கும். துப்புரவாக்குவதை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம்.

இதன் பலம் என்னவென்றால், போன் போனாலும் வீடே வெள்ளத்தில் போனாலும் படம் வேறொரு நாட்டில் பத்திரமாக இருக்கும். நாவலடியில் அல்பம் இழந்தவர்களோடு கதைத்த எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. பலவீனம் டேட்டாவும் கடவுச்சொல்லும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்கப் போகும்போது சார்ஜில் போட்டு ஏறவிடலாம். சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் ஊரில் வீடியோவை ஏற்ற முயலாமல் போட்டோவை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு வருடம் திறக்காத கூகுள் கணக்கை நிறுவனம் அழிக்கலாம் என்பது அவர்களுடைய விதி. பழைய நம்பரில் தொடங்கிய கணக்கு, அந்தச் சிம்மே இப்போது இல்லை என்றால் உள்ளே போவது பெரும்பாடு. மீட்பு நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது: போட்டோஸ் செயலியில் ஏறிவிட்ட ஒரு படத்தை அங்கே அழித்தால் கிளவுடிலும் அழியும். “ஏறிவிட்டதுதானே” என்று போனில் இடம் காலியாக்க ஒவ்வொன்றாக அழித்த ஒரு தங்கச்சி, மகனின் முதலாவது பிறந்தநாளைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால் தப்பியது. அதற்கென்றே “இடத்தை விடுவி” என்று தனியாக ஒரு தெரிவு உள்ளது. அது போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

நாலாவது, போனின் சார்ஜ் துளையிலேயே குத்தக்கூடிய பென் டிரைவ். கணினி இல்லாத வீடுகளுக்கு இதைத்தான் நான் விரும்பிச் சொல்கிறேன். டைப் சி முனை உள்ளது என்றால் நேரே குத்தலாம், பழைய போனுக்கு இரண்டையும் இணைக்கும் சின்ன ஓடிஜி கேபிள் ஒன்று போதும். கோப்புச் செயலியைத் திறந்து பிரதி எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டாதீர்கள், நடுவில் கழன்றால் கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். பிரதி எடுத்து, அங்கே நாலைந்தைத் திறந்து பார்த்து, பிறகு போனில் அழிக்க வேண்டும். டேட்டாச் செலவில்லை, கடவுச்சொல் இல்லை. ஆனால் லாச்சிக்குள் போட்டு வருடக்கணக்காக மறந்துவிடக் கூடாது. இதுவும் கார்டைப் போன்ற அதே வகைச் சில்லுத்தான், மின்சாரமே காணாமல் பல வருடம் கிடந்தால் எழுதியது மெல்ல மங்கக் கூடும்.

கடைசியாக மகன் சொன்ன புதுப் போன். 32 ஜிபி போனுக்கு இது இன்றைக்கோ அடுத்த வருடமோ வரத்தான் போகிறது. செயலிகள் பெருத்துக்கொண்டே போகின்றன, புதுப்பிப்பு இறங்கவே இடம் தேவை. வாங்கும்போது 128 ஜிபிக்குக் குறைய எடுக்காதீர்கள். கடையில் “எட்டு ஜிபி மெமரி” என்று சொன்னால் அது ரேம், சேமிப்பு இல்லை. அதிலும் நாலு உண்மை, நாலு உள்சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது என்று இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கார்ட் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோனில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, சாம்சங்கின் எஸ் வரிசையிலும் 2021-இல் வந்த எஸ்21 முதல் இல்லை. ஆனால் புதுப் போன் வாங்குவது மாமாவின் குரலைக் காப்பாற்றாது. மாற்றும்போது வட்ஸ்அப் ஒழுங்காக இடம் மாறாவிட்டால், அந்தக் குரல் தொலையப் போவதே அன்றைக்குத்தான்.

மாமிக்கு நான் சொன்ன முடிவு இது. கார்ட் வேண்டாம், அவருடைய பாரம் வட்ஸ்அப்பில் என்பதால். துப்புரவு செய்தாயிற்று, இந்த வருடம் பழைய போனே போதும். பேரப்பிள்ளையின் படங்கள் கூகுள் போட்டோஸுக்கு இரவில் ஏறும். மாமாவின் குரல் இரண்டு இடத்துக்கு. வயலில் எடுத்த வீடியோ, பாட்டு என்று நிறைய வைத்திருக்கும் மருமகன் கேட்டிருந்தால் கார்ட் வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன், வெளிச் சேமிப்பாக.

குரல் பதிவுகளை எடுப்பதில்தான் நேரம் போனது. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் திகதியும் எண்ணும் மட்டும்தான் இருக்கும், யாருடைய குரல் என்று தெரியாது. அதனால் மாமாவின் உரையாடலைத் திறந்து, ஏற்றுமதி என்ற தெரிவால் மீடியாவோடு சேர்த்து டிரைவுக்கு அனுப்பினேன். பிறகு அதையே பென் டிரைவிலும் பிரதி எடுத்தேன். மாமி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறதா என்று பார்த்தார். சோறு, மழை, உரம், கோயில் கணக்கு. ஒன்றில் மாமா ஒன்றும் சொல்லவில்லை, தெரியாமல் அழுத்தியிருக்கிறார், எட்டு வினாடி காற்று மட்டும். அதை அழித்துவிடவா என்று கேட்டேன்.

“வேணாம் மனே,” என்றார். “அதும் கிடக்கட்டும்.”

பென் டிரைவைச் சின்னத் துணிப் பையில் போட்டு, காணி உறுதி வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். கார்த்திகை மழைக்கு முன்னம் வந்து ஒருமுறை குத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.